சிறு கப்பல் சொல்லும் பெருங்கதை

திருக்குர்ஆனின் 54-ஆவது அத்தியாயமாகிய சூரத்துல் கமரின் 13-ஆவது வசனம், நபி நூஹ் (அலை) அவர்கள் வெள்ளத்தினின்று காக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. கப்பல் என்னும் சொல் அவ்வசனத்தில் ஆளப்படவில்லை. அக்கலம் எப்பொருள்களால் ஆக்கப்பட்டதோ, அப்பொருள்களின் பெயர்களே சொல்லப்படுகின்றன. ஒன்று 'அல்வாஹ்', அதாவது பலகைகள். மற்றொன்று 'துஸுர்'. முன்னதில் ஐயத்திற்கு இடமில்லை. பின்னதுதான் ஆராயத்தக்கது.

'துஸுர்' என்பது 'திஸார்' என்பதன் பன்மை. விரிவுரையாளர்களுள் பெரும்பாலோர் இதற்கு ஆணிகள் என்று பொருள் கொண்டனர். தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அப்பொருளே காணப்படுகிறது. ஆயின், அரபு அகராதியாசிரியர்களுள் தலைசிறந்தவரான ஜவ்ஹரீ தமது 'ஸிஹாஹ்' நூலில், கப்பலின் பலகைகளை இழுத்துக் கட்டும் கயிறுகள் என்னும் பொருளைத் தந்து, ஆணிகள் என்று உரைப்பாரும் உளர் எனச் சேர்த்துச் சொல்கிறார்.

பாடம் ஓதும் மாணவன் இவ்விடத்தில் திகைப்பது இயல்பே. கயிற்றால் கட்டிய மரக்கலம் கடலைத் தாங்குமா? நீர் உள்ளே புகாதா? நூஹ் நபியின் கலம் எவ்வாறு இருந்தது என்பதை அல்லாஹ்வே நன்கறிவான். அதனை முடிவு செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், அம்மாணவன் எழுப்பும் வினாவுக்குரிய விடை நம் கடற்கரை மணலிலேயே கிடந்தது. 'கிடந்தது' என்று இறந்த காலத்தில் எழுத வேண்டியிருப்பதுதான் வருந்தத்தக்கது. இழந்த அவ்விடையைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் ஓர் எளிய வழி உண்டு. அது மாதிரிக் கப்பல் கட்டும் கலையாகும்.

தைத்த கலங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குழித்துறை ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது தேங்காய்ப்பட்டணம். தென்னையால் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள தொன்மையான பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் (ரஹ்) அவர்களின் பெயரோடு இணைத்துப் பேசும் மரபு இன்றும் வழங்குகிறது. அதற்குத் தென்கிழக்கே குளச்சல். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் டச்சுக்காரர் தோல்வியுற்ற துறைமுகம் அதுவே. இவ்விரு ஊர்களிலும் கடலும் தென்னையும் அருகருகே இருப்பதால், கலம் கட்டுவோர்க்கு வேண்டியன பலவும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன.

நம் மக்கள் அயனிச்சக்கையை உண்டு மகிழ்வர். அதே அயனியின் தடி, உப்பு நீரில் எளிதில் உளுக்காதது. படகுப் பலகைக்குச் சிறந்தது. தேங்காயின் தொண்டை உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்துத் திரித்தால் கயிறு. பலகையின் விளிம்பை ஒட்டித் துளைகளிட்டு, இரு பலகைகளின் இணைப்பின்மேல் நாரைப் பரப்பி, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கித் தைத்தால் வள்ளத்தின் உடல் உருவாகிவிடும். துளைகளை நாரும் குங்கிலியமும் இட்டு அடைப்பர். மீனெண்ணெய் பூசுவர். ஓர் ஆணியும் தேவையில்லை.

இது ஏழையின் வேலை என்று எவரும் எண்ண வேண்டா. கடலோரத்தில் அலை மோதிச் சுருண்டு விழும் இடங்களில் ஆணியடித்த விறைப்பான கலம் தரையில் மோதினால் பிளக்கும். தைத்த கலமோ சற்றே நெளிந்து கொடுத்துத் தப்பும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பலிலிருந்து பயணிகளையும் சரக்குகளையும் அலைகளைக் கடந்து கரைக்குக் கொண்டுவந்தவை தைத்த மசூலாப் படகுகளே.

14-ஆம் நூற்றாண்டில் நம் கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா, இந்தியாவிலும் யமனிலும் கப்பல்கள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்படுவதை எழுதி, அதற்கு இக்காரணத்தையே கூறினார். அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்திய ஸீராஃப் நகரத்து அபூ ஸைது சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. உமான் நாட்டார் சிலர் தச்சுக் கருவிகளோடு தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வராம். அங்கே மரத்தை வெட்டிப் பலகையாக்கி, நாரைத் திரித்துக் கயிறாக்கி, கலத்தைத் தைத்து, பாய்மரமும் பாயும் தென்னையினின்றே ஆக்கி, தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவராம். ஒரே மரத்திலிருந்து கப்பலும் சரக்கும்!

இவையெல்லாம் பயணிகளின் கதையென்று ஒதுக்குவாரும் இருந்தனர். ஆயின், 1998-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒரு கப்பல் கண்டெடுக்கப்பட்டது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. மேற்குக் கடலின் மரபில் கட்டப்பட்ட அக்கலத்தினுள் சீன நாட்டுப் பீங்கான் பாண்டங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. தைத்த கலங்கள் சீனம் வரை சென்றதற்குக் கடலே சாட்சி சொல்லிவிட்டது.

சொல் நிலைத்தது, பொருள் போயிற்று

நம் மொழியில் இன்றும் அக்காலத்தின் தடங்கள் உள்ளன. கப்பலோட்டுபவனை 'மாலுமி' என்கிறோம். அஃது அரபுச் சொல்லாகிய 'முஅல்லிம்' என்பதன் திரிபு. மதரஸாவில் பாடம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும், விண்மீன் பார்த்து வழி சொல்லும் கடலோடிக்கும் அரபுமொழி ஒரே பெயரையே வழங்கியது. 'சுக்கான்' அரபிலிருந்து வந்தது. கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகத்திலிருந்து வந்தது. 'மரைக்காயர்' என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைப்பாரும், அரபியில் கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் சொல்லோடு இணைப்பாரும் உளர். எவ்வாறு இணைத்தாலும் அப்பெயர் கடலைவிட்டு அகலவில்லை.

கப்பலின் உறுப்புகளுக்கோ தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. அடிமரம் 'ஏரா', முன்புறம் 'அணியம்', பின்புறம் 'அமரம்', விலா எலும்புபோல் உள்ளே நிற்கும் சட்டங்கள் 'வங்கு', பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்', அதை மேலே ஏற்றும் கயிறு 'ஆஞ்சான்'. தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லும் ஒரே கலத்தில் ஒருங்கே பயணம் செய்தன.

மீலாது மேடைகளிலும் இலக்கிய மாநாடுகளிலும் நம் முன்னோர் கடலோடிகள் என்று பெருமிதத்தோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் இறங்கி வந்த பேச்சாளரிடம் ஓர் இளைஞன், 'அந்தக் கப்பல் எப்படி இருந்தது? பாயை எப்படித் திருப்பினார்கள்?' என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. பெயரைக் காத்தோம்; பெயருக்குரிய பொருளைக் காக்கவில்லை.

காரணம் இல்லாமலில்லை. இக்கலை ஏட்டில் வாழ்ந்ததைக் காட்டிலும் கையில் வாழ்ந்ததே மிகுதி. தமிழில் 'கப்பல் சாத்திரம்' என்றொரு சுவடி இருந்து, 1950-இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தால் அச்சிடப்பட்டது. 'நாவாய் சாத்திரம்' 1995-இல் வெளிவந்தது. இவை அளவுகளையும் நன்னிமித்தங்களையும் பேசுகின்றன. ஆயின், ஒரு பலகையை எவ்வளவு வளைப்பது என்பதை எழுத்தால் கற்பிக்க எவராலும் இயலாது. கேரளத்தின் பேப்பூரில் 'உரு' என வழங்கும் பெருமரக்கலங்களைக் கட்டும் மேஸ்திரி, தாளில் வரைபடம் எதுவுமின்றி மனக்கணக்காலேயே கட்டுவார். தச்சர் கட்டிமுடித்த கலத்தை மாப்பிள்ளைக் கலாசிகள் கப்பியும் கயிறும் கொண்டு நீரில் இறக்குவர். அம்மேஸ்திரியின் மூச்சு நின்றால் நூலகம் ஒன்று மூடப்பட்டதாகப் பொருள்.

நம் கரையிலும் அதுவே நிகழ்ந்தது. போர்த்துக்கீசியர் வருகைக்குப்பின் பெருங்கலங்களில் ஆணி பரவியது. சிறு வள்ளங்களில் எஞ்சிய தையல் வேலையும், 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகளும் பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வந்தபின் அருகியது. மீனவருக்கு அவை வசதியானவை. அவர்களைக் குறைகூற இடமில்லை. ஆனால் தையலை அறிந்த கைகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் சென்றன.

மாதிரி என்னும் நூல்

இத்தகைய அறிவை எதில் எழுதி வைப்பது? உலக வரலாறு இதற்கொரு விடை தருகிறது. ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு மரக்கப்பல் ஒன்று வழிபாட்டிடத்தில் நேர்த்திப் பொருளாக வைக்கப்பட்டிருந்தது. 'மத்தாரோக் கப்பல்' எனப் பெயர்பெற்ற அது, பின்னர் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தை அடைந்தது. இடைக்கால ஐரோப்பியக் கப்பலின் கட்டுமானத்தை ஆராய்வோர் அனைவரும் அச்சிறு பொருளிடமே பாடம் கேட்கின்றனர். பெருங்கப்பல்கள் பெரும்பாலும் அழிந்தன. கையில் ஏந்தத்தக்க சிறு கப்பல் நிலைத்தது.

நம் நாட்டுக் கலங்களுக்கும் அத்தகைய தொண்டு செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். எட்மோன் பாரீஸ் என்னும் கடற்படை அதிகாரி, கப்பல் சென்ற துறைகளிலெல்லாம் இறங்கி உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் தோணிகளும் மலபாரின் பத்தேமார்களும் அவர் வரைபடங்களில் உள்ளன. 1840-களின் தொடக்கத்தில் அவற்றை நூலாக வெளியிட்டார். முதுமையில் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, 1893-இல் இறக்கும் வரை, அவ்வரைபடங்களைக் கொண்டு மாதிரிக் கப்பல்கள் பலவற்றைச் செய்வித்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். நம் பாட்டனாரின் தோணியை அறிய அயலார் ஏட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்வோம். நம் கடமையையும் எண்ணிப் பார்ப்போம்.

ஓவியங்களும் உதவும். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்தினுள்ளே, குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அரபுக் குதிரை வணிகத்தை நினைவூட்டும் அவ்வோவியத்தைக் கண்டு மகிழ்வோர் பலர். ஆனால் ஓவியம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். மறுபக்கத்தில் கயிறு எங்கே கட்டப்பட்டது, உள்ளே வங்கு எத்தனை என்பதை அது சொல்லாது. மாதிரி செய்ய முனைபவனோ இவ்வினாக்களுள் ஒன்றிலிருந்தும் தப்ப முடியாது. விடை காணாமல் அடுத்த பலகையை வைக்க இயலாது. வேத வசனத்திற்கு 'ஷரஹ்' எழுதுபவர் ஒரு சொல்லையும் தாண்டிச் செல்ல முடியாதது போன்றதே இது.

இதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு உள்ளன. ஒன்று 'ஸுஹார்'. டிம் செவரின் என்பவர் உமான் நாட்டின் ஸூர் நகரில் ஆணியின்றிக் கட்டுவித்த முழுக்கப்பல் அது. பலகை மலபாரிலிருந்து சென்றது. ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளத் தென்னைக் கயிறு அதில் செலவாயிற்று. தைப்பதற்குக் கைதேர்ந்தவர்கள் இலட்சத்தீவிலிருந்து அழைக்கப்பட்டனர். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அக்கலம் 1981 ஜூலையில் சீனத்தின் கான்டன் நகரை அடைந்தது.

மற்றொன்று நம் நாட்டுக் கடற்படையின் 'கௌண்டின்யா'. அஜந்தா குகையில் உள்ள 5-ஆம் நூற்றாண்டு ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டு, கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கோவாவில் தைக்கப்பட்டது. 19.6 மீட்டர் நீளமுள்ள இக்கலம் 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து மஸ்கட்டை நோக்கிப் பாய்விரித்தது. ஓவியத்தைத் தவிர வேறு வரைபடம் இல்லாத கப்பலை நம்பி மனிதரை எவ்வாறு கடலுக்கு அனுப்புவது? அதற்காகவே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையில் முதலில் மாதிரியை வைத்துச் சோதனை செய்தனர். மாதிரி தேறிய பிறகே மாலுமி ஏறினான்.

கையால் கற்கும் பாடம்

கௌண்டின்யாவைப் போன்ற ஒரு கலத்தை 24-இல் 1 பங்காகச் செய்தால் அதன் நீளம் 82 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு மேசையில் அடங்கிவிடும். அந்த அளவில் ஐந்தரை அடி மனிதன் 7 சென்டிமீட்டர் உயரமே இருப்பான். ஓர் அங்குலக் கயிறு ஒரு மில்லிமீட்டர் நூலாகிவிடும். தையலுக்கு உறுதியான பருத்தி நூல் போதும். பலகைக்குத் தச்சுப் பட்டறையில் எஞ்சும் துண்டுகள் போதும்.

முதலில் ஏராவைக் கிடத்தி, அதன் இரு முனைகளிலும் அணியத்திற்கும் அமரத்திற்கும் உரிய மரங்களை நிறுத்த வேண்டும். இன்றைய ஐரோப்பிய முறையில் விலாச் சட்டங்களை முதலில் நிறுத்திப் பின்னர் பலகை பொருத்துவர். நம் முறையோ நேர் மாறானது. பலகைகளை ஒன்றோடொன்று தைத்து உடலை உருவாக்கியபின்னரே வங்குகளை உள்ளே பொருத்துவர். ஆகவே, கலத்தின் வடிவத்தை முடிவு செய்வது பலகையின் வளைவுதான். அவ்வளைவைத் தீர்மானிப்பது தச்சனின் கண்தான். ஏன் வரைபடம் தேவைப்படவில்லை என்பது ஐந்தாம் பலகையைத் தைக்கும்போது தானே விளங்கிவிடும்.

நூலை இறுக்கும்போதும் ஒரு பாடம் உண்டு. ஒரு தையலை மட்டும் மிகையாக இறுக்கினால் பக்கத்துத் தையல் தளரும். எல்லாவற்றையும் ஒரே அளவாக இறுக்க, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இருவர் இணைந்து இழுக்க வேண்டும். தனியொருவன் தைத்த கப்பல் உலகில் இருந்ததில்லை.

பின்னர் பாயும் கயிறும். அரபுக் கலங்களின் பாய் பெரும்பாலும் முக்கோணத்தை ஒத்தது. நீண்ட பருமலில் சாய்வாகத் தொங்குவது. காற்றுக்கு ஏற்பக் கலத்தைத் திருப்பும்போது, அந்நீண்ட பருமலைப் பாய்மரத்தின் முன்புறமாக மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். காற்று வரும் பக்கத்தில் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும். மாதிரியில் இதனை இரு விரல்களால் செய்துவிடலாம். செய்து பார்த்தவனுக்கு, நடுக்கடலில், நள்ளிரவில், மழையில், அத்தனை பேர் ஒரே குரலில் பாடிக்கொண்டு இழுத்தது எதற்காக என்பது புரியும். கப்பலுக்கு அவ்வளவு ஆட்கள் ஏன் தேவைப்பட்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

நாம் செய்யத்தக்கது

நாகூர் கந்தூரியின்போது நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் வரும் ஊர்வலத்தில் கப்பல் வடிவ ஊர்திகளைப் பலரும் கண்டிருப்பர். அவ்விழாவைப் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆயின், கடல்வணிகச் சமுதாயமொன்று தன் நினைவைக் கப்பலின் உருவத்திலேயே ஊன்றி வைத்திருக்கிறது என்பது கருதத்தக்கது. அவ்வுருவங்கள் அலங்காரத்திற்காக ஆனவை. அவற்றிலிருந்து கட்டுமானத்தைக் கற்க இயலாது. நினைவு இருக்கும்போதே அதனோடு அறிவையும் சேர்த்துவிட வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தக்கலை, கோட்டாறு ஆகிய ஊர்களிலுள்ள நம் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும், கோடை விடுமுறையில் ஒரு மாதிரி வள்ளமேனும் மாணவர் கையால் தைக்கப்படுவதாக. தையல் அறிந்த முதியவர் எவரேனும் கடலோரச் சிற்றூர்களில் இருப்பின், அவர் கிறிஸ்தவ மீனவராயினும் இந்துத் தச்சராயினும், அவரை உஸ்தாதாக அழைத்து அமர்த்துக. கலத்தைக் கட்டியவர் ஒரு சமயத்தார், கயிறு திரித்தவர் மற்றொரு சமயத்தார், சரக்கேற்றியவர் பிறிதொரு சமயத்தார் என்பதே இக்கரையின் உண்மை வரலாறு. ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர் சொல்லும் பெயரைச் சிறு சீட்டில் எழுதி, அக்கயிற்றிலேயே கட்டிவிடுக. அகராதியில் இல்லாத சொற்களும் அகப்படக்கூடும். செலவு சிறிது, காலமும் அதிகம் வேண்டா. ஆனால் காத்திருக்க அவகாசமில்லை. அம்முதியவர்கள் நமக்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

அத்தகைய சிறு கலம் ஒன்று வகுப்பறையின் பலகைமேல் இருக்குமாயின், சூரத்துல் கமர் ஓதும் மாணவன் 'துஸுர்' என்னும் சொல்லுக்கு வரும்போது ஆசிரியர் நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. கையை நீட்டிச் சுட்டிக் காட்டினால் போதும். விரிவுரையாளர்கள் சொன்ன இரு பொருள்களுள் ஒன்றை ஆணியில் காண்பான். மற்றொன்றைத் தன் விரல்கள் இறுக்கிய நூலில் காண்பான். முஅல்லிமும் மாலுமியும் ஒரே சொல்லாக இருந்த காலம் அப்போது அவனுக்கு விளங்கும், இன்ஷா அல்லாஹ்.